களையும் களைக்கொல்லியும்

நெல், கம்பு, மொச்சை என்பன தத்தம் பயிருக்கே உரிய பெயர்கள். களை என்பதோ அங்ஙனம் ஒரு செடிக்கு உரிய பெயரன்று. களையப்படுவது எதுவோ அதுவே களை. உளுந்தங் கொல்லையில் தானே முளைத்த கம்பும் அவ்விடத்துக் களையே. வீட்டுக் கொல்லையில் நட்டுப் பேணும் பொன்னாங்கண்ணி நெல்வயலுட் புகுமாயின் அதுவுங் களையே. ஆகலின், களையைப் பற்றிப் பேசப் புகுவோர் செடியைப் பற்றி மட்டும் பேசி அமைதல் இயலாது. அதனைக் களையும் கையைப் பற்றியும் பேசியாதல் வேண்டும். கொடியோரை ஒறுக்கும் வேந்தனுக்குத் திருவள்ளுவர் உவமை தேடியபோது, பயிரிடையே களைகட்டும் தொழிலையே கண்டெடுத்தார். அக்கை இந்நாளில் மெல்ல விலகுகின்றது. அது நின்ற இடத்தில் ஒரு புட்டி வந்து நிற்கின்றது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அப்புட்டி பெற்றுவரும் இடத்தைப் பற்றியே யாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம். தமிழிலக்கியம் பயில்வோர்க்கு வயல்மருந்திடத்து என்ன வேலை என நண்பர் சிலர் எம்மை நகையாடினர். அவர்க்குரிய விடையைப் பின்னர்க் கூறுவோம். களைக்கொல்லி என்பதே நஞ்சு, அதனை நாட்டைவிட்டே ஓட்டுக என்று முழங்குவாரோடு யாம் சேர்ந்தேமல்லேம். கூலியாள் கிடையாத ஊரில் உழவன் படும் பாட்டை அறியாதார் கூற்று அது. கைக்களைக்கு இனி வேலையில்லை, மருந்தொன்றே போதும் என்பாரையும் யாம் உடன்படேம். எமது கருத்து இது: களைக்கொல்லி ஒரு கருவி. அது எம் பள்ளத்தாக்கில் அதன் முறையறியாதார் கையில், முறையெழுதிய தாள் படிக்கப்படாமலே வழங்கி வருகின்றது. இதனால் வருங் கேட்டை முதலிற் சுமப்பவர் அதனை விற்பாரும் அல்லர், வாங்குவாரும் அல்லர்.

பள்ளத்தாக்கை அறியாத அன்பர்க்காகச் சில சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை ஒருபுறமும், மேகமலைத் தொடர் மறுபுறமுமாக அமைந்த ஒடுங்கிய நிலம் அது. 1895-ஆம் ஆண்டில் பென்னி குயிக் துரை கட்டி முடித்த பெரியாற்றணையின் நீர் மலையைக் குடைந்த வழியே வந்து வீழ்ந்தபின், அங்கு இருபோக நெல் நிலைபெற்றது. கூடலூர்ப் பக்கத்து லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் இந்நீரால் இருபோகம் விளைவதாகக் கணக்கு. நெல்வயலை அடுத்தே தென்னை. தென்னையை அடுத்தே வாழை. மேட்டுப் பாங்கில் பந்தல் பந்தலாகத் திராட்சை. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. கிழக்கே ஆண்டிபட்டி, வருசநாடு என நகர்ந்தால் நிலம் வேறாகி, மானாவாரிக் காட்டில் மொச்சையும் சோளமும் வானத்தை நோக்கி நிற்கக் காணலாம். இங்ஙனம் பல பயிர்கள் வரப்பொன்றே இடையாக நெருங்கி வாழ்வதை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். எம் வழக்கின் பெரும்பகுதி அவ்வரப்பிலேயே இருக்கின்றது.

உழவர் பக்கத்து நியாயத்தை முதற்கண் கூறுவதே முறை. விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புகள் நிரம்பிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறுகின்றன. அவற்றுட் பெரும்பாலார் பெண்டிர். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர். களையெடுக்கும் கை அங்குச் சென்றுவிட்டது. அங்கே கூலி மிகுதி. போகாதே என்று எவர் கூறுவார்? இருபோகத்தில் எல்லா வயலுக்கும் களைப்பருவம் ஒரே வாரத்தில் வந்து கூடுகிறது. நட்ட பயிர் களையோடு போரிடுவது அதன் முதற் பருவத்தில்தான். அப்பருவத்தைத் தவறவிட்டுப் பின்னர் எத்துணை எடுத்தும் இழந்தது திரும்பாது. அந்நிலையில் ஒருவன் மருந்துக்கடைக்குச் சென்றால் அவனைப் பழித்தல் நேரிதன்று.

ஆனால் கடையில் அவன் என்ன கேட்கிறான், என்ன பெறுகிறான் என்பதே வினா. களைக்கொல்லி என்பது ஒருமருந்தன்று. களை முளைக்குமுன் மண்ணில் இடுவன சில. முளைத்தபின் இலைமேல் தெளிப்பன சில. புல்லை மட்டுங் கொல்வன, அகன்ற இலையை மட்டுங் கொல்வன, எதிர்ப்பட்ட பசுமை அனைத்தையுங் கொல்வன எனப் பலதிறப்படும். இவ்வேறுபாட்டை அறியாது 'களைமருந்து ஒன்று கொடுங்கள்' எனக் கேட்பது, மருத்துவமனைக்குச் சென்று 'மாத்திரை ஒன்று கொடுங்கள்' எனக் கேட்பதோடு ஒக்கும்.

சோயா மொச்சையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அஃது எம் பள்ளத்தாக்கிற் பெரும்பரப்பில் விளைவதன்று. மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமுமே அதன் நாடு. எனினும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ 3 எனச் சோயா வகைகளைத் தமிழ்நாட்டுக்கென வெளியிட்டு, அதற்குக் களைமுறையும் வகுத்துள்ளது. அம்முறையைச் சற்றே கூர்ந்து படித்தல் நன்று. விதைத்தபின் களை முளைக்குமுன் பெண்டிமெத்தலின் என்னும் மருந்தை ஹெக்டேருக்கு 3.3 லிட்டர் வீதம் தெளிக்க. அதன்பின் 30-ஆம் நாளில் ஒரு கைக்களை எடுக்க. மருந்து தெளியாவிடில் 20-ஆம் நாளிலும் 35-ஆம் நாளிலும் இருமுறை கைக்களை எடுக்க என்பதே அம்முறை. இதனால் விளங்குவது யாது? மருந்து ஒரு கைக்களையைத்தான் மிச்சப்படுத்துகிறது. மற்றொன்று எஞ்சி நிற்கிறது. மருந்தை ஆராய்ந்து பரிந்துரைத்த அறிஞரே கையை முற்றும் விலக்கவில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. பெண்டிமெத்தலின் முளைக்கும் விதையின் வேரிலும் குருத்திலும் உயிரணுக்கள் பெருகுவதைத் தடுப்பது. மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய ஏடுபோற் படிந்து நின்று, அவ்வேட்டைக் கிழித்துக்கொண்டு வரும் சிறுமுளையை மாய்க்கும். மண்ணில் ஈரமில்லையேல் அதன் தொழில் குன்றும். விதையினின்று வாராது கிழங்கினின்று எழும் கோரையை அது பெரிதும் ஒன்றுஞ் செய்வதில்லை. முன்னரே வேரூன்றிய அருகும் அங்ஙனமே. சாரணை போன்றன மறைந்த நிலத்திற் கோரை மட்டும் போட்டியின்றிச் செழித்து நிற்பதை மருந்தடித்த காட்டிற் காணலாம். சோயாவோ விதைத்த 15-ஆம் நாள் முதல் 45-ஆம் நாள் வரை களையைப் பொறாத பயிர். அதன்பின் அதன் இலையே நிலத்தை மூடி நிழலாற் களையை அடக்கிவிடும். அம்முப்பது நாளைக் காப்பதே உழவனது வேலை. இம்முறை உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் சிற்சில மாற்றத்தோடு பொருந்துமாகலின், எம் ஊரார்க்கும் இதிற் பாடம் உண்டு.

நெல்லில் வேறொரு சிக்கல். குதிரைவாலிப் புல் இளமையில் நெல்லைப் போலவே தோன்றும். இலை தண்டோடு கூடும் இடத்தில் நெல்லுக்குச் சிறுநாப் போன்ற சவ்வொன்று உண்டு; புல்லுக்கு அஃதில்லை. பழகிய பெண்டிர் குனிந்த தலை நிமிராமலே இதனைக் கண்டு பறிப்பர். கோதுமைக்கு நடுவே பகைவன் விதைத்த களையைப் பறிக்க முற்பட்ட ஊழியரை, அறுப்புவரை பொறுக்கச் சொன்ன வீட்டெஜமான் உவமையை எம் கல்லூரி மாணவர் அறிவர். பொறுக்கச் சொன்னதன் காரணம், களையைப் பிடுங்குகையிற் கோதுமையும் கூட வந்துவிடும் என்னும் அச்சமே. பயிரைப்போல் வேடமிட்டு வாழும் களை அத்துணைப் பழமையானது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இவ்வுவமை நம் காலத்தில் மீண்டும் நிகழ்ந்தது. குல்லிடண்டா என்று அவர் வழங்கும் புல் கோதுமையைப் போன்றே வளர்வது. ஐசோபுரோட்டுரான் என்னும் ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்து அதனை அடக்கினர். 1990-களின் தொடக்கத்தில் அப்புல் மருந்துக்கு அடங்காமற் போயிற்று. கொன்றது போக எஞ்சிய சிலவே விதையிட்டுப் பெருகின, வேறொன்றும் மாயமில்லை.

இந்நிகழ்ச்சி எம் நெல்வயலுக்கும் எச்சரிக்கையாகும். பிஸ்பைரிபாக், பைரசோசல்பியூரான் என இரு புட்டிகள் நெல்லுக்கு விற்கின்றன; சோயாவுக்கு இமாசெத்தபைர். பெயர் மூன்றாயினும் செடியினுள்ளே அவை தாக்கும் நொதி ஒன்றே. இப்போகத்தில் ஒன்றும் மறுபோகத்தில் மற்றொன்றும் வாங்கி, 'மருந்தை மாற்றினேன்' என மகிழும் உழவன் மாற்றியது தாளைமட்டுமே. இருபோக நிலத்தில் ஓராண்டில் இருமுறை இங்ஙனம் நிகழ்வது, ஒருபோக நிலத்தைவிட விரைவிற் களையை வலியதாக்கும் வழி.

இனி, எம் வழக்கின் நடுவிடமாகிய திராட்சைக்கு வருவோம். 2,4-டி என்னும் களைக்கொல்லி இரண்டாம் உலகப் போரின் காலத்திற் கண்டறியப்பட்டு, போர் முடிந்தபின் உழவர் கைக்கு வந்தது. புல்லினத்தைச் சேர்ந்த நெல், சோளம், கரும்பு ஆகியவற்றைப் பெரிதும் வருத்தாமல் அகன்ற இலைக் களைகளை மாய்ப்பது அதன் சிறப்பு. விலையும் குறைவு. ஆனால் அகன்ற இலையுடைய பயிர்களுள் அம்மருந்தைச் சிறிதும் பொறாதது எதுவென வினவின், உலகெங்கும் உழவர் முதலிற் கூறுவது திராட்சையையே. பருத்தியும் தக்காளியும் அதனை அடுத்து நிற்பன. காற்றில் மிதந்து வந்த நுண்துளி பட்டாலும் கொடியின் இளந்தளிர் முறுக்கிக் கொள்ளும், இலை விரியாமல் மடித்த விசிறிபோலக் குறுகும், பூ உதிரும். அம்மருந்தின் எஸ்டர் வகையோ தெளித்தபின்னும் ஆவியாகி எழுந்து செல்ல வல்லது. அமைன் வகையும் சோடியம் உப்பும் அங்ஙனம் எளிதில் ஆவியாவதில்லை. கடையில் இவ்வேறுபாட்டைக் கேட்டு வாங்குவார் எத்துணைப் பேர்?

பிறநாட்டுத் திராட்சைக்குக் குளிர்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கும் பருவம் ஒன்று உண்டு. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு அவ்வுறக்கம் இல்லை. ஒரு தோட்டத்திற் கவாத்து நடக்கையில் அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும். ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு பந்தலில் இளந்தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். இதுவே எம் திராட்சையின் பெருமை; சந்தையில் அதற்குள்ள வலிமையும் இதுவே. ஆனால் தெளிப்பவனுக்கு இதன் பொருள், ஆண்டில் ஒருநாளும் ஆபத்தற்ற நாளன்று என்பதாகும். மேலும், முதற்போக நடவு ஜூன் மாதத்தை ஒட்டி நிகழ்வது. அப்போதே தென்மேற்குக் காற்று கணவாய் வழியே சீறி வருகிறது. தேனியைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைக் கண்டோர்க்கு அக்காற்றின் வலிமையை விளக்க வேண்டுவதில்லை. காற்றாலை நிறுவுதற்கு ஏற்ற நிலம் எதுவோ, அது மேலே தெளிக்கும் களைக்கொல்லிக்கு ஏலாத நிலம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நெல்லுக்கு பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்ற மருந்துகளை மணலோடு கலந்து, நட்ட சில நாட்களுக்குள் மெல்லிய நீர் நிற்கும் வயலிற் கையாற் தூவலாம். மணல் காற்றோடு அடுத்த பந்தலுக்குச் செல்லாது. தூவியபின் இரண்டு மூன்று நாள் வயல்நீரை வடிக்கலாகாது. வடித்தால் மருந்து வாய்க்காலுக்குப் போம். களை வயலில் நிற்கும். பூட்டாகுளோர் மீனுக்குக் கொடிது. எம் வாய்க்கால் நீர் முல்லையாற்றிற் சேர்ந்து, வைகையொடு கலந்து, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கி, மதுரை மாநகர மக்களின் குடிநீராகின்றது. ஆகவே, திராட்சையை அடுத்த நெல்லுக்கு மணலிற் கலந்த மருந்தும், மூடிய மடையும் என்பது எம் முதல் வேண்டுகோள். பஞ்சாயத்துத் தீர்மானம் ஒன்றினாலும், அண்டை உழவர் இருவர் பேசிக்கொள்வதனாலும் நிறைவேறக்கூடியது இது. சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

சட்டம் வந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பதற்கு கிளைபோசேட் ஒரு சான்று. மான்சாண்டோ நிறுவனத்து ஆய்வாளர் ஒருவர் 1970-இல் அதன் ஆற்றலைக் கண்டறிந்தார். 1974-இல் அது விற்பனைக்கு வந்தது. பச்சை யாவற்றையும் வேரோடு மாய்க்கும். நம் நாட்டில் அது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்குமே பதிவு பெற்றது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், அது மனிதர்க்குப் புற்றுநோய் விளைத்தல் கூடும் எனப் பகுத்தது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை அதனை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இலங்கை அரசு அதே 2015-இல் அதனை முற்றும் தடுத்தது. வடமத்திய மாகாணத்து உழவரை வாட்டும் சிறுநீரக நோய்க்கு அது காரணமாகலாம் என்பது அச்சம், தொடர்பு உறுதிப்படவில்லை. தேயிலைத் தோட்டங்கள் புல்லால் மூடப்பட, 2018-இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் தடை தளர்ந்தது, 2022-இல் நீங்கியது. எம் மலைக்கு அப்பால் திருவல்லையை அடுத்து நெல்வயலில் மருந்து தெளித்த இருவர் 2019 ஜனவரியில் இறக்க, அடுத்த மாதமே கேரள அரசு கிளைபோசேட்டைத் தடுத்தது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு, பயிற்சிபெற்ற பூச்சித்தடுப்புப் பணியாளர் வழியாகவன்றி ஏனையோர் அதனைத் தெளிக்கலாகாது என அறிவிக்கை வெளியிட்டது. ஒருமலை, இருபக்கம், மூன்று விதி! எம் பக்கத்திலோ வரப்பெல்லாம் கருகி நிற்கக் காண்பது இன்றும் அரிதன்று. வரப்புப் புல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனம். மழையில் வரப்பைப் பிடித்து நிறுத்தும் வேரும் அதுவே. அதனைக் கருக்கியவன் அடுத்த மழைக்கு வரப்பைக் கட்டக் கூலியாள் தேடுவான்.

மருந்தொன்றையே நம்பியோர் எங்குச் சென்று முட்டினர் என்பதைச் சோயா நாடாகிய அமெரிக்காவிற் காணலாம். கிளைபோசேட்டைத் தாங்கும்படி மரபு மாற்றிய சோயா அங்கு 1996-இல் வந்தது. விதை ஒன்று, மருந்து ஒன்று, வேலை தீர்ந்தது என்றனர். பத்தாண்டு செல்லுமுன் 2005-இல் ஜார்ஜியா மாகாணத்தில் அம்மருந்துக்கு மடியாத கீரையொன்று கண்டறியப்பட்டது. ஆம், கீரையே, நாம் கடைந்துண்ணும் முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் அது நெருங்கிய இனம். அதனை அடக்க டைகாம்பா என்னும் மருந்தைத் தாங்கும் சோயா வந்தது. 2017-இல் அம்மருந்து காற்றிற் சென்று, அதனைத் தாங்காத அண்டையார் சோயாவில் ஏறத்தாழ 36 இலட்சம் ஏக்கரைச் சிதைத்ததாக மதிப்பிட்டனர். நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒருவனுக்கே உரியதாகிய நாட்டிலேயே அண்டையான் பயிர் தப்பவில்லை. அரை ஏக்கரும் கால் ஏக்கருமாகப் பிரிந்து கிடக்கும் நாட்டைப் பற்றி யாது சொல்வது?

கீரை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. அதனைச் சொல்லாது செல்லுதல் இக்கட்டுரைக்குக் குறையாகும். எம் அப்பத்தா தம் வாழ்நாளில் நாற்பது ஆண்டு பிறர் காட்டிற் களையெடுத்தவர். மாலையில் அவர் மடியில் கூலி மட்டும் இருந்ததில்லை. தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் ஒருபுறம், ஆட்டுக்கு ஒரு கட்டு அருகு மறுபுறம். மூக்கிரட்டை கிடைத்தால் அது மருந்துக்கு. களைக்கொத்தி பிடித்த கை களையை இரண்டாகப் பிரித்தது: எறிவது ஒன்று, உலைக்குப் போவது ஒன்று. காட்டுக்காரருக்குப் பகையாகிய செடி கூலிக்காரிக்குக் குழம்பாயிற்று. கணக்கேட்டில் ஏறாத கூலி அது. இப்போது அவர் காட்டுப்பக்கம் செல்லும்போது, 'ஏய்யா, மருந்தடிச்ச காட்டுல எதைப் பறிக்கிறது? பாத்தாப் பச்சையாத்தான் இருக்கு, பயமா இருக்கே' என்பார். அவர் அச்சம் நியாயமானது. மருந்து விழுந்த அன்று கீரை வாடுவதில்லை; சிலவகை மருந்தில் வாடுவதற்கு ஒருவாரமும் செல்லும். எந்தக் காட்டில் எந்நாள் தெளித்தனர் என்பதை வழிப்போக்கர் அறிய ஒரு குறியும் இல்லை. ஒரு கொம்பிற் சிவப்புத் துணி கட்டிவைத்தால் காசு செலவாகுமா?

களைமருந்தால் உழவனுக்கு மிஞ்சும் கூலி, அவளுக்குக் குறையும் கூலியே. ஜீப்பேறி மலைக்குச் செல்ல இயன்றவள் தப்பினாள். கைக்குழந்தையுடையாளும், முதியாளும், இடுப்பு வலியுடையாளும் ஊரிலேயே நிற்கின்றனர்; களைவேலையை நம்பியிருந்தோர் அவர்களே. இதற்காகக் களைக்கொல்லியைத் தடுக்க வேண்டும் என்று யாம் சொல்லவில்லை. நாள்முழுதும் சேற்றிற் குனிந்து நிற்கும் வேலையைப் புகழ்ந்து பாடுவோர் அதனை ஒருநாள் செய்து பார்த்தல் நலம். குனிந்தெடுக்கும் வேலையை நின்று தள்ளும் வேலையாக்கலாம் என்பதே யாம் கூறுவது. வரிசையாக நட்ட நெல்லில் உருட்டிச் செல்லும் கோனோவீடர் திருந்திய நெற்சாகுபடியோடு நம் நாட்டில் பரவியது. களையை மண்ணோடு மிதித்து உரமாக்கும் கருவி அது. ஆனால் அதனை ஆடவர் உயரத்துக்கும் வலிமைக்கும் ஏற்பச் செய்து, பின்னர்ப் பெண்டிர் தள்ளவில்லை எனக் குறை கூறுகின்றனர். இலேசான கருவியைக் கூட்டுறவுச் சங்கம் வாடகைக்குக் கொடுத்து, அதனைத் தள்ளும் பெண்டிர்க்குக் கைக்களையின் கூலிக்குக் குறையாமற் கொடுப்பதே தக்க வழி. பார்த்தீனியம் போன்ற களைக்கு வேறு துணையும் உண்டு: 1984-இல் மெக்ஸிகோ நாட்டினின்று பெங்களூருக்குக் கொணரப்பட்ட சிறுவண்டு அச்செடியின் இலையைத் தின்று வாழ்கிறது. அது கூலி கேட்பதில்லை; எனினும் மழைக்காலத்தில்தான் வேலை செய்யும்.

மருந்தடிப்பவனைப் பற்றி ஒருசொல். முதுகிற் சுமக்கும் தெளிப்பானை எம்மூரார் டேங்கு என்பர். பூச்சிமருந்துக்கும் களைமருந்துக்கும் டேங்கு ஒன்றே, மூக்கும் ஒன்றே. பூச்சிமருந்து மூக்கு புகைபோல் நுண்துளியாகச் சிதறுவது. களைமருந்துக்கு வேண்டுவது தட்டையாக விசிறிவிழும் மூக்கு. இம்மாற்றம் ஒன்றே காற்றிற் பறக்கும் மருந்தைப் பெரிதும் குறைக்கும். 2,4-டி தெளித்த டேங்கை நன்கு கழுவாது தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்தால், பூச்சியோடு தக்காளியும் போம். முளைமுன் மருந்து தெளிப்போன் பின்னோக்கி நடத்தல் வேண்டும். முன்னோக்கி நடப்பின் படிந்த ஏட்டைத் தன் காலாலேயே கலைக்கிறான். இவை எவரும் அவனுக்குக் கூறாதவை. கையுறையும் முகமூடியும் இன்றி, கைலியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு அவன் நடக்கிறான்.

கூறாதவை என்றோம், எழுதப்படாதவை அல்ல. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி ஒவ்வொரு புட்டியோடும் தாளொன்று வருகிறது. பல மொழிகளுள் தமிழும் அதில் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் தரத்தைக் காட்டும் நிறக்குறியும் புட்டியில் உண்டு. நண்பர் வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கின்றது. அத்தாளை யாம் எடுத்துப் படித்துப் பார்த்தோம். எறும்பினும் சிறிய எழுத்து. எழுவாய்க்கும் பயனிலைக்கும் உறவில்லாத வாக்கியம். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்த ஏதோ ஒரு மொழி. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கே இருமுறை படித்தும் பொருள் விளங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற தெளிப்பாளன் என் செய்வான்? அளவோ ஹெக்டேர்க் கணக்கு. அவன் அறிந்தது ஏக்கரும் டேங்கும். பெண்டிமெத்தலின் 100-க்கு 30 பங்குள்ள மருந்து ஹெக்டேருக்கு 3.3 லிட்டர், நீர் 500 லிட்டர் எனின், ஏக்கருக்கு மருந்து ஏறத்தாழ 1.3 லிட்டர், நீர் 200 லிட்டர். 10 லிட்டர் டேங்காயின் 20 டேங்கு. டேங்கொன்றுக்கு 67 மில்லி அளவு. இவ்வளவே அவனுக்கு வேண்டுவது. இக்கணக்கை அவனே வயலோரத்திற் போட வேண்டுமென எதிர்பார்ப்பது முறையன்று.

ஆகவே எம் கல்லூரியாரிடம் யாம் வேண்டுவது இது. பள்ளத்தாக்கிற் பெரிதும் வழங்கும் மருந்து நான்கைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அளவிற் சீட்டொன்று தமிழில் எழுதுவோம். எப்பயிருக்கு, எந்நாளில், டேங்குக்கு எத்துணை மில்லி, எம்மூக்கு, அருகில் திராட்சை இருந்தால் என் செய்வது, கீரை பறிப்போர் எத்துணை நாள் விலகவேண்டும் என்பன மட்டும் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். வேதியியல், தாவரவியல் ஆசிரியர்கள் செய்தியைத் திருத்துக. பழைய மாணவருள் வேளாண்மைத் துறையிலும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும், வைகை அணை ஆராய்ச்சி நிலையத்திலும் பணிசெய்வோர் அளவுகளைச் சரிபார்த்துத் தருக. மொழியை யாம் பார்த்துக்கொள்வோம். எழுதிய சீட்டை அச்சிடுமுன் எம்மூர்த் தெளிப்பாளர் இருவரிடம் படித்துக் காட்டி, அவர்க்கு விளங்காத சொல்லை நீக்குவோம். கோடை விடுமுறை முடியுமுன் முதற்சீட்டு அணியமாதல் வேண்டும். ஜூன் மாதத்தில் நீர் திறந்து நடவும் முடிந்தபின் அதனைக் கொண்டுசெல்வதிற் பயனில்லை.